ஆறாவது பொந்து

டிசம்பர் 9, செவ்வாய்

ஐந்து மரங்களுக்கும் எண் போட்டாயிற்று. காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம், திரும்பும்போது நாலரை. சட்டை முழுக்க மஞ்சள் பெயிண்ட். காலில் எத்தனை அட்டை கடித்தது என்று எண்ணுவதை நிறுத்திப் பல நாளாகிறது.

அலுவலகத்துக்குக் காட்ட வேண்டிய களக் குறிப்பேடு தனியாக இருக்கிறது. பல் வலியையும் ரேஷன் அரிசியின் நாற்றத்தையும் அதில் எழுத முடியாது. இது எனக்கு.

கூனிமலையில் நீலத்தாடிக் கிளி இன்றைய கணக்குக்குப் பத்தொன்பது. இந்த மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. அதை அழியவிடாமல் மீட்க ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லித்தான் பதினோரு மாத ஒப்பந்தத்தில் என்னை இங்கே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மார்ச் 31 கடைசி நாள். கிளிகள் முட்டையிடும் பொந்துகளைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மாதம் ஆனது. எல்லாம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வெடிப்பலா, நாங்கு மரங்கள். எந்த மரம் என்று காவலர்கள் ஒவ்வொரு முறையும் அடியில் நின்று தேடுவார்கள், மேலே பறவை மிரளும். அதற்காகத்தான் எண். பாதையிலிருந்தே தெரிகிற மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு முழ உயர எண்ணாக, 1 முதல் 5 வரை. பாதையில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போய்விடலாம். யோசனை என்னுடையது. மாவட்ட அலுவலர் ராஜமன்னார் சார் போனில் பாராட்டினார்.

பெயிண்ட் டப்பாவைச் சுமந்து வந்தவர் சொரிமுத்து. வேட்டைத் தடுப்புக் காவலர். முப்பத்தைந்து வயது, ஒன்பது வருடமாகத் தற்காலிகம். ஒரே ஒரு கேள்வி கேட்டார், எண்ணைப் பாதைப் பக்கமாகவா போட வேண்டும் என்று. ஆமாம் என்றேன். டப்பாவின் மூடியைத் திறந்து நீட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 10, புதன்

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். நாகர்கோவிலுக்குப் போகவில்லை. அம்மா போனில் அழாத குறை. "கிளிக்கு கெடைக்க லீவுகூட ஒனக்கு இல்லியா மக்கா?" என்றாள். கிளிக்கு லீவு இல்லை, ஜோடி தேடுகிற நேரம் என்றேன். நாற்பத்து நாலு வயதில் நீயும் தேடலாம் என்று அவள் சொல்வதற்குள் வைத்துவிட்டேன்.

தலைமையகத்திலிருந்து அட்டவணை வந்திருக்கிறது. கூட்டின் எண், மரத்தின் வகை, அட்சரேகை, தீர்க்கரேகை, புகைப்படம், பார்த்து உறுதி செய்த மூவரின் கையெழுத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வரிசை கணக்கில் சேராது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஐந்து வரிசையையும் நிரப்பினேன். இவ்வளவு சுத்தமான அட்டவணையை நான் எந்த வேலையிலும் தயாரித்ததில்லை.

கடைவாய்ப் பல் குடைகிறது. கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு படுக்கப் போகிறேன்.

ஜனவரி 15, வியாழன்

சொரிமுத்துவின் மனைவி பூமாரி தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டிருந்தார். அடிவாரத்து வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஏறி வந்தும் சூடு ஆறவில்லை. பல் வலியைப் பார்க்காமல் தின்றேன்.

ஐந்து பொந்திலும் பெண் பறவை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. ஆண் வந்து வாசலில் தொங்கியபடி ஊட்டிவிட்டுப் போகிறது. தொண்டைக்குக் கீழே அந்த நீலத் தாடி வெயிலில் தெரியும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பஞ்சாயத்துக்குப் போகிற பெரிய மனிதர் மாதிரி இருக்கும்.

'பத்தாண்டு இலக்கு' அத்தியாயத்தை இன்று முடித்தேன். பத்து வருடத்தில் அறுபது பறவைகள். எழுதியபோது நம்பித்தான் எழுதினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மூன்றாம் எண் மரத்தில் சத்தம் இல்லை. போன வாரம் குஞ்சுகள் கத்தியது பாதைவரை கேட்டது. இன்று இரண்டு மணி நேரம் நின்றேன். பெரிய பறவைகள் இரண்டும் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தின, உள்ளே போகவில்லை. சாரைப் பாம்பாக இருக்கும். 'அச்சுறுத்தல்கள்' அத்தியாயத்தில் பாம்புக்கு ஒரு பத்தி கூட்டினேன்.

மூன்று நாளாக மழைமேகம். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை.

பிப்ரவரி 14, சனி

ஒன்றாம் எண். அதே கதை.

மரத்தின் பின்பக்கம் மூங்கில் முளைகள் அடித்திருப்பதைச் சொரிமுத்து காட்டினார். தேன் எடுக்கிறவர்கள் எப்போதோ அடித்ததாக இருக்கும் என்றேன். அவர் ஒன்றைப் பிடுங்கி என் கையில் வைத்தார். நுனியில் மரத்தின் பால் இன்னும் பிசுபிசுத்தது. அப்படியும் நான் பாம்பை விடவில்லை. அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சாரைப்பாம்பு முளை அடிச்சா மரத்துல ஏறும், மேடம்?"

விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்று கோபம் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 16, திங்கள்

ராஜமன்னார் சாரைப் பார்க்கக் கீழே போனேன். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து முழுக்கக் கேட்டார். கேமரா கேட்டேன். மூன்று விலைப்பட்டியல் வாங்கி அனுமதி வருவதற்கு நாற்பது நாளாகும் என்றார். ஆள் கேட்டேன். இருப்பதே இரண்டு காவலர்கள், தீ சீசன் தொடங்குவதால் அவர்களில் ஒருவரையும் தீத்தடுப்புக் கோடு வெட்டக் கேட்கிறார்கள் என்றார். குஞ்சுகளை யாரோ திருடுகிறார்கள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தோம். களவு போன பொருளின் மதிப்பு என்ன என்று கேட்ட இடத்தில் எனக்கு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

ஐந்தாம் எண்.

இந்த முறை மரத்தடியில் இரண்டு பீடித்துண்டும் ஒரு பச்சை இறகும் கிடந்தன. சொரிமுத்து இறகை எடுத்துப் பையில் போட்டார். பாதையில் வந்து உட்கார்ந்து, கீழே பார்த்தபடியே சொன்னார்.

"இத்தன வருசமா அவனுவளுக்கு எந்த மரம்னு தெரியாது மேடம். காட்டுல ஆயிரம் மரம் நிக்கு. இப்ப நம்பர் நிக்கு. அஞ்சு வரைக்கும் இருக்குன்னா அஞ்சு மரம்தான்னும் தெரிஞ்சுபோச்சு."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேனே மேடம், பாதைப் பக்கமாகவா என்று, என்றார்.

எண் இடுவது என்று எடுக்கப்பட்ட முடிவு அப்போதைய தேவைக்குப் பொருத்தமானதே என்று களக் குறிப்பேட்டில் எழுதினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

மிச்சமிருக்கும் 2, 4 மரங்களில் எண்ணை அழிக்கப் போனோம். கத்தியால் சுரண்டினால் பட்டை உரிந்து வெள்ளையாக அதே எண் நிற்கிறது. தாரைப் பூசினோம். இப்போது நூறடி தள்ளியே ஒரு கரிய சதுரம் தெரிகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. சொரிமுத்து சேற்றை அள்ளி அதன்மேல் அப்பினார். காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

காவல். நான் இரண்டாம் எண் மரத்தடியில், சொரிமுத்து நான்காம் எண்ணில். நடுவே இரண்டரை மணி நேர நடை. இன்னொரு காவலரைத் தீக்கோட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். பொட்டலம் கட்டிய புளிச்சோறு. கன்னம் வீங்கி ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடிகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

நேற்றுக் கண் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம். ஒரு நாள்தானே, போய்ப் பிடுங்கிவிட்டு வாருங்கள் என்று சொரிமுத்துதான் சொன்னார். தென்காசிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். இன்று காலை ஒன்பது மணிக்கு என் மரத்தடிக்குத் திரும்பினேன். புதிதாக முளைகள். மேலே சத்தம் இல்லை.

இரண்டரை மாதமாகப் பொறுத்த வலி. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் அவை பறந்திருக்கும்.

மார்ச் 4, புதன்

நான்காம் எண்ணும் முடிந்தது. திருடன் வரவில்லை.

நாங்கள் இருவரும் மாறி மாறி அடியில் உட்கார்ந்திருந்ததால் ஆண் பறவை பொந்துக்கு அருகில் வரப் பயந்திருக்கிறது. தூரத்துக் கிளையில் வந்து உட்காரும், எங்களைப் பார்க்கும், போய்விடும். அதுவரை தள்ளி நின்றே காவல் காத்த சொரிமுத்து, நான் வந்த முதல் நாளே தள்ளிப் போய்விடலாம் என்றார். தள்ளிப்போனால் திருடுவார்கள் என்றேன். இரண்டாம் நாள் பெண்ணும் பசி தாங்காமல் வெளியே போய், திரும்பி உள்ளே வரவில்லை. இன்று சத்தம் நின்ற பிறகு சொரிமுத்து கயிறு கட்டி ஏறினார். இரண்டு குஞ்சு. இரைப்பை தட்டையாக ஒட்டிக் கிடந்தது.

மாதிரி எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டையும் ஸ்பிரிட்டில் போட்டு லேபல் ஒட்டினேன். மரத்தின் எண்ணையும் எழுதினேன். பிறகு பின்பக்கம் போய் அழுதேன். சொரிமுத்துவுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

அட்டவணையின் கடைசிக் கட்டம். 'குஞ்சுகள் பறந்த கூடுகள்': 0.

மார்ச் 9, திங்கள்

இதை எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். இடத்தை எழுதப்போவதில்லை. திசையையும் எழுதப்போவதில்லை.

ஆறாவது கூடு ஒன்று இருக்கிறது.

காலையில் சொரிமுத்து வந்து கூட வரச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. மிகத் தள்ளி நின்று, ஓர் இலை இடைவெளி வழியாகக் காட்டினார். மற்றவற்றைவிடப் பிந்திய கூடு. குஞ்சு பொரித்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஆண் பறவை வந்தது, வாசலில் தொங்கியது, உள்ளேயிருந்து மூன்று குரல் கேட்டது. நிச்சயமாக மூன்று.

எப்போது கண்டீர்கள் என்றேன். நவம்பரில் என்றார். அந்த ஜோடி அப்போதே பொந்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்ததாம். நவம்பரில் நானும் அவரும் அந்த வழியாக இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் அவர் பேச்சுக் கொடுத்து என்னைத் தாண்ட வைத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பத்து மாதமாக ஒரே சட்டியில் சோறு பொங்கித் தின்கிறோம், என்னிடம் மறைத்தீர்களா என்று கத்தாத குறையாகக் கேட்டேன்.

"உங்ககிட்ட மறைக்கல மேடம். உங்க நோட்டுகிட்ட மறச்சேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். முடிவெடுக்கப்பட்டது, அப்போதைய தேவை என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். பெயிண்ட் வாங்கியது நான். எண் போட்டது என் கை. நான்கு கூட்டைக் காட்டிக் கொடுத்தேன், ஒரு கூட்டைப் பட்டினி போட்டேன். அவர் மறைத்த ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

ராஜமன்னார் சார் போனில் அழைத்தார். அறிக்கை 20-ஆம் தேதிக்குள் தலைமையகத்தில் இருக்க வேண்டும். கூடு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் இரண்டாம் கட்டத்துக்கு நிதி வராது, 31-ஆம் தேதியோடு திட்டத்தை மூடிவிடுவார்கள், இந்த வருடம் திட்டத்தின் பெயரில் சம்பளம் வாங்கும் இரண்டு காவலர் பணியிடமும் போய்விடும் என்றார். ஒரே ஒரு கூடு இருந்தால்கூடப் போதுமாம், மூன்று வருடம் நீட்டிக்க முடியுமாம்.

ஒரு பேச்சுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லித்தான் கேட்டேன், இடத்தைச் சொல்லாமல் ஒரு கூட்டைக் கணக்கில் சேர்க்க வழி உண்டா என்று. அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அட்டவணை நாற்பது மேசைக்குப் போகும், மூன்று பேர் வந்து பார்த்துப் படமெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஜெபமலர், எனக்குத் தெரியாம இருக்கிற வரைக்கும்தான் நான் உங்களுக்கு உதவி. தெரிஞ்சுட்டா நான் எழுதியாகணும்."

ஒன்றும் இல்லை சார் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

சொரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதாவிட்டால் அவர் வேலை போகும் என்பதையும் சேர்த்து. ஒன்பது வருடம். பத்து முடிந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற நம்பிக்கையில் காக்கிச் சட்டை போட்டவர். மூத்த மகள் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

டீ ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு, வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

அறிக்கையை இன்று காலைத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூடுகள் ஐந்து, மிஞ்சியவை பூஜ்யம்.

இதைச் சொரிமுத்து தீர்மானிக்கும்படி விடுவது நியாயமில்லை என்று தோன்றியது. எழுது என்றாலும் எழுதாதே என்றாலும் காலத்துக்கும் அவர் மனதை அரிக்கும். அந்தப் பாரத்தை நானே தூக்கிக்கொண்டேன். தாமதமானால் மனம் மாறிவிடும் என்ற பயமும் இருந்தது.

சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. விறகில் கஞ்சி வைத்தேன்.

மார்ச் 18, புதன்

காலையில் சொரிமுத்து பூமாரியையும் அழைத்துக்கொண்டு வந்தார். பூமாரி கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார். அவர்கள் உட்கார்வதற்குள் நான் சொல்லிவிட்டேன், அறிக்கை நேற்றே போய்விட்டது, கூட்டை எழுதவில்லை, உங்கள் கிளி பத்திரம் என்று. ஏதோ பரிசு கொடுப்பவள் மாதிரி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பூமாரி அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு நாளுன்னுதான மேடம் சொன்னேன். நான் என்ன சொல்ல வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். இனிமேல் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எழுந்துவிட்டார். டீ போட்டிருந்தேன். குடிக்காமல் போய்விட்டார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

திட்டம் மூடப்பட்டது. சொரிமுத்து டார்ச், விசில், இரண்டு செட் சீருடை, ரெயின்கோட் எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். ரெயின்கோட்டில் ஒரு பொத்தான் குறைகிறது என்று கிளார்க் எழுதிக்கொண்டார். அறிக்கை மிக நேர்த்தியாக இருப்பதாகத் தலைமையகத்திலிருந்து எனக்கு ஒரு வரி வந்திருக்கிறது.

ஜீப்பில் ஏறும்போது அவரிடம் விடைபெறத் திரும்பினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஏப்ரல் 11, சனி

நாகர்கோவில். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

என் கணக்குப்படி அந்த மூன்றும் இன்றோ நாளையோ பொந்தைவிட்டு வெளியே வர வேண்டும். முதலில் தலையை நீட்டும். அரை நாள் வாசலிலேயே உட்கார்ந்து யோசிக்கும். பிறகு ஒன்று குதித்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். இதையெல்லாம் பிற கிளிகளிடம் பார்த்திருக்கிறேன். நீலத்தாடிக் குஞ்சு முதல்முறை பறப்பதை இதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

மத்தியானம் போன் அடித்தது. சொரிமுத்து. செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறாராம், லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசினார். நலமா என்று கேட்டேன். இருக்கிறோம் என்றார். நேற்றைக்கு மலைக்குப் போனாராம். செக்போஸ்டில் வேறு சரகத்திலிருந்து புதிதாக வந்திருக்கிற காவலர், பாஸ் இல்லாமல் வெளியாட்களை விட முடியாது என்று நிறுத்திவிட்டாராம். ஒன்பது வருடம் தான் திறந்து மூடிய கேட் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். எதைப் பார்க்கப் போகிறாய் என்று அந்தக் காவலர் கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டாராம்.

"நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா விடுவாவளா மேடம்? உள்ள ரொம்ப நேரம் நிக்க மாட்டேன். பறந்துச்சான்னு மட்டும் பாத்துட்டு வந்துருதேன்."

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுக்க மனம் வரவில்லை.

ராஜமன்னார் சாருக்கு எழுத உட்கார்ந்து இரண்டு மணி நேரமாகிறது. ஐயா என்று எழுதியாயிற்று. அனுமதி கேட்பதற்குக் காரணம் எழுத வேண்டும். எந்தக் காரணத்தை எழுதினாலும் அவர் என் அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார். இந்த மலையில் இனிப் பார்க்கக் கூடு எதுவும் இல்லை என்று அதில் கையெழுத்துப் போட்டிருப்பவள் நான்.